மேல் கடைவாய்ப் பல்லும் மாற்று வால்வும்

“வலிக்கா?”

“இல்ல டாக்டரம்மா.”

மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஜைனம்பு பொய் சொல்கிறாள் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. வலது பக்க மேல் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. புரோப் கம்பியை விட்டால் சீழோடு பழுப்பாக ஏதோ வந்தது. பீடித்தூள்! வலி எடுத்தால் ஒரு சிட்டிகை அடைத்துக்கொள்வாளாம், மரத்துப்போகுமாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? சிறு வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப்புண், மூட்டுக் காய்ச்சலாகி அவள் இதய வால்வைக் கெடுத்திருந்தது. அடுத்த வாரம் மதுரையில் வால்வு மாற்றும் ஆபரேஷன். வாயில் சீழ் இருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்காரும். உட்கார்ந்தால் எழுப்புவது பெரும்பாடு, உயிரே போகலாம். அதனால்தான் வாய் சுத்தம் என்று பல் டாக்டர் எழுதித் தரும் டென்டல் கிளியரன்ஸ் இல்லாமல் சர்ஜன் கத்தியைத் தொடமாட்டார். ஈறு நோய்க்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா என்று தொண்ணூறுகளில் எங்கள் பல் டாக்டர்கள் கூட்டங்களில் காரசாரமாக விவாதிப்போம். வால்வு விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை.

“பிடுங்கணும்” என்றேன்.

அவளுடைய உம்மா குறுக்கே வந்தார். “மேப்பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்லா? அவ பீடி சுத்துதவ. கண்ணு இல்லாம என்ன செய்வா?”

“பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

“நீங்க சொல்லுவீக. கண்ணு எம்மவளுக்குல்லா போவுது.”

எலும்பு, நரம்பு என்று படம் போட்டுக் காட்டினேன். தாயும் மகளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே எழுந்து போயிருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். அவளுக்கோ அப்போதே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பயமாகத்தான் இருந்தது.

சட்டென்று என் மேல் தாடையிலிருந்த பல்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். நர்ஸ் ஜெபமணி பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“எனக்கும் மேப்பல்தான். இந்தப் பக்கம் மூணு புடுங்கியாச்சு” என்று பொக்கை வாயோடு சொல்லிவிட்டு, தையல் ஊசியில் பட்டு நூலைக் கோத்துக் காட்டினேன்.

உம்மா லேசில் விடுகிறவரா? “புடுங்குனது வலப்பக்கம்லா? இடக்கண்ணப் பொத்திக்கிட்டுக் கோருங்க பாப்போம்.”

ஒற்றைக் கண்ணால் கோப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். நூல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை நுழைந்தது. ஜைனம்பு சிரித்துவிட்டாள். “புடுங்கிருங்க டாக்டரம்மா” என்று அவளே நாற்காலியில் சாய்ந்தாள்.

கிருமி ரத்தத்தில் பரவாமலிருக்க அமாக்ஸிசிலின் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பல்லை எடுத்தேன்.

அதன்பிறகு நான் யாரிடமும் “வலிக்கா?” என்று மட்டும் கேட்டு நிறுத்தியதில்லை. “பல்லுக்குள்ள என்ன வைக்கீங்க?” என்றும் கேட்பேன். கிராம்பு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி என்று வரிசையாக வரும். வலியில்லாத சீழ்தான் ஆபத்து என்பதை, இளம் டாக்டர்களே, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து, ஆபரேஷன் முடிந்து நன்றாகத் தேறி ஜைனம்பு வந்தாள். பல் எடுத்த இடத்தைப் பார்க்க வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்தேன். உள்ளேயிருந்து டிக், டிக் என்று மெல்லிய சத்தம். உலோக வால்வு. குனிந்தபடியே காது கொடுத்தேன்.

“என்னம்மா கேக்கீக?” என்றார் உம்மா.

அவரையும் பக்கத்தில் அழைத்துக் கேட்கச் சொன்னேன்.