லயத்துக்கு ஒரே ஓட்டு

நகரசபை இடைத்தேர்தல் முடிவை ஹட்டன் கடைத்தெருவில் கேட்டுவிட்டு, இன்று மாலை டிக்கோயா பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்து மாரியாயி.

"வாத்தியாரய்யா, நம்ம ஆளு ஜெயிச்சாருங்களா?"

"இல்லையணை அம்மா, தோத்துப் போனார்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தார்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சட்டம் போட்டுப் பிரஜாவுரிமையைப் பறித்ததோடு லயத்தில் எல்லோருக்கும் ஓட்டும் போய்விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த எனக்கு மட்டும் இருக்கிறது. அதனால் என் ஓட்டுக்கு லயத்தில் பெயரே 'நம்ம ஓட்டு'. தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னவருக்குத்தான் அது போகவேண்டும் என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். எனக்கோ அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது.

வாக்குச்சாவடி எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயேதான். முதல் நாள் பெஞ்சுகளைத் தூக்கி ஒதுக்கி, கூட்டித் துடைத்தவர்கள் மாரியாயியும் மற்றவர்களும். மறுநாள் அவர்கள் எல்லோரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். நான் மட்டும் உள்ளே போய், அவர்கள் சொன்னவருக்கே போட்டேன். தினமும் நான் பாடம் சொல்லும் அறை அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

பஸ் வளைவில் திரும்பும்போது மாரியாயி மெல்லக் கேட்டார்.

"நீங்க போட்டீங்கதானே?"

"ஓம், போட்டனான்."

"அப்ப விடுங்க. ஒத்த ஆளு, நீங்க என்னங்க பண்ணுவீங்க? கவலப்படாதீங்க."

ஓட்டே இல்லாதவர் என்னைத் தேற்றுகிறார். பதிலுக்கு அவரை என்ன சொல்லித் தேற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த தேர்தலுக்குள் சொன்னால் போதும்.