எரியாத பச்சை விளக்கு

குவைத்தில் முதலாளி போனைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, அண்ணன் அங்கிருந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து எங்களுக்கு மெயில்தான் அனுப்புவான். புத்தூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் ஏற்றிப் பெருமையடித்தவன் நான். ஒருநாள் இரண்டிலும் நெட் வரவில்லை. நெட் ஒயர் செருகும் இடத்தில் பச்சை விளக்கு எரியவில்லை.

"ஈரத்துணியில தொடச்சியா?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"பூஜைக்கின்னு தூசி தட்னேன்டா. நெட் சென்டர்லயாவது போய்ப் பாரு. மனசு ஒரு மாதிரியா கீது."

கம்ப்யூட்டர் படித்தவன் அங்கே போவதா? ஒயரை மாற்றினேன். இரண்டையும் அழித்து மறுபடி ஏற்றினேன். மூன்று நாள் போனது.

ஆயுத பூஜையன்று அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டி மறுபடி செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. ஆஃப் செய்தாலும் உள்ளே கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்; பிளக்கைப் பிடுங்கி அதை முழுதாக நிறுத்த எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று நாளுக்கு முந்தைய மெயில் இருந்தது: "எங்கள வேற எங்கியோ ஏத்திக்கினு போறாங்க. உன் பிரெண்டோட மாமா இங்க கீறாரே, அவர் நம்பர் அனுப்பு. சாயந்தரம் வரைக்கும் பாத்துக்கினு இருப்பேன்."

நம்பரை அனுப்பினேன். பதில் வரவில்லை.

"இன்னா எழுதிக்கீறான்?"

"நல்லா கீறானாம்மா."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.

நெட் சென்டர் எங்கள் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளித்தான் இருந்தது.