தராசோடு போன கண்மாய்

1. நாற்பது கிலோ

நாளை மறுநாள் காலை பத்து மணிக்குள் நாற்பது கிலோ உயிர் விரால் வேண்டும் என்று ஹோட்டல் மாஸ்டர் சொன்னபோது, என் பக்கத்தில், என்னைப் போலவே மீன் விற்கிற லூர்தும் நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

காரைக்குடியில் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். மாஸ்டர் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னார்.

"யாரு கொண்டாந்தாலும் எனக்குச் சரித்தேன். பத்து மணிக்குள்ள வரணும், உசுரோட வரணும், சேத்து வாடை அடிக்கக் கூடாது. அன்னைக்கு யாரு கொண்டாராகளோ, வருசம் பூராவும் சப்ளை அவுகளுக்கு."

"நாப்பது என்ன மாஸ்டர், அம்பதே கொண்டாரேன்" என்றாள் லூர்து. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வருடம் முழுவதும் சப்ளை என்றால் தெருத் தெருவாகக் கூடை சுமக்க வேண்டாம். கூவ வேண்டாம். எனக்குக் கூவ வராது. முப்பது வருடம் மீன் விற்றவள் சொல்கிறேன், ஒரு நாள்கூடச் சத்தமாக "மீனு" என்று சொன்னதில்லை. ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பேன். உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்க்கும்வரை நிற்பேன். லூர்து தெருமுனையில் குரல் கொடுத்தால் கடைசி வீட்டில் சட்டியைக் கழுவி வைத்துவிடுவார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயில் தெரு முழுக்க அவள் மீன்தான். அதைப் பார்த்துக்கொண்டே அந்தத் தெருவைத் தாண்டிப் போவேன்.

2. கரையில் உட்காருவது

எங்கள் மகளிர் குழுவில் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், எந்தக் கண்மாய்க்குப் போவது என்று எப்படி முடிவு செய்வீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் அஞ்சாம் வகுப்புத்தான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொரு கண்மாயாக அழிப்பார்கள். அதாவது, இருக்கிற மீனையெல்லாம் பிடித்துவிடுவார்கள். குத்தகைக்காரர் வலை போட்டுக் கரையேற்றுவார். நாங்கள் கரையிலேயே எடை போட்டு வாங்கி வருவோம். ஒரே காலையில் மூன்று நான்கு கண்மாய் அழியும். ஒன்றுக்குத்தான் போக முடியும். தப்பான கண்மாய்க்குப் போனால் அன்றைக்கு விலைபோகாத ஜிலேபிக் கெண்டையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆகையால் முந்தின சாயங்காலமே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நான் மினிபஸ்ஸில் போய் இறங்கி, கரையில் ஒரு கருவேல நிழலில் உட்காருவேன். விரால் மற்ற மீன் மாதிரி இல்லை. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். பொளக்கென்று ஒரு சத்தம், அந்த இடத்தில் சின்னதாக ஒரு வளையம். நூறு எண்ணி முடிப்பதற்குள் எத்தனை வளையம் என்று பார்ப்பேன். கெண்டை துள்ளினாலும் வளையம் வரும். ஆனால் அது சிதறும், இது சிதறாது.

பிறகு தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்ப்பேன். பாசி படர்ந்து பச்சையாக இருந்தால் மீனில் சேற்று வாடை வரும். செம்மண் கலங்கல் என்றால் நல்ல ருசி. நடுக் கண்மாயில் கொக்கு நிற்கிறதென்றால் ஆழமில்லை, வலை சீக்கிரம் கரைக்கு வரும்.

அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கூச்சம்.

3. லூர்து

இவ்வளவு பாடுபட்டு ஒரு கண்மாயைத் தேர்ந்து, மறுநாள் முதல் பஸ் பிடித்துப் போனால், அங்கே எனக்கு முன்னால் லூர்து நிற்பாள். டி.வி.எஸ். வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வந்திருப்பாள். பெரிய விராலெல்லாம் அவள் டிரம்மில் நீந்தும். மிச்சத்தை நான் பொறுக்குவேன். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஏழெட்டு வருடம் இப்படித்தான்.

எனக்கு வயிறு எரியும். இவள் ஒரு நாளாவது கரையில் உட்கார்ந்திருப்பாளா? வீட்டில் இருந்தபடியே எப்படித் தெரிகிறது? குத்தகைக்காரர்கள் இவளுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாயாடிக்கு ஊரெல்லாம் சொந்தம் என்று எனக்குள்ளேயே திட்டிக்கொள்வேன்.

அதனால், இந்த முறை அவள் போகிற இடத்துக்கே போய்விடுவது என்று, நாற்பது கிலோவுக்கு முந்தின சாயங்காலம் பழக்கத்தில் பஸ் ஏறியும் நான் கண்மாய் பார்க்க எங்கும் இறங்கவில்லை. நேமத்தான்பட்டிப் பக்கம் பஸ் போகும்போது ஒரு செம்மண் கண்மாயின் நடுவில் கொக்குகள் வரிசையாக நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. இறங்கு என்று கால் சொன்னது. நான் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் திரும்பி வந்து லூர்து தெருமுனையில் இறங்கி, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருட்டும்வரை நின்றேன்.

அவள் புருஷன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரியிடம் லூர்து, நாளை விடிய வெள்ளென கண்டரமாணிக்கம் பக்கம் போகிறோம் என்று ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். வாசலில் இரண்டு ஊத்தா இருந்தது, தண்ணீருக்குள் இறங்கி மீன்மேல் கவிழ்க்கிற மூங்கில் கூடை. வியாபாரத்துக்குப் போகிறவளுக்கு ஊத்தா எதற்கு? அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஏதோ புதுத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

4. துண்டு

மறுநாள் அவளுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஒரு லோடு ஆட்டோவைப் பேசி, டிரம், கைத்தராசு, படிக்கல் எல்லாம் ஏற்றிக்கொண்டு விடிகிற நேரத்துக்குப் போய் இறங்கினேன். ஊரே கரையில் நின்றது. ஆள் ஆளுக்கு ஊத்தா, வலை. குத்தகைக்காரரைத்தான் காணோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் கோயில் வாசலிலிருந்து என்னிடம் வந்தார்.

"என்ன ஆத்தா, தராசெல்லாம் கொண்டாந்திருக்கீக?"

மீன் வாங்க என்றேன். எனக்கே கேட்டிருக்காது.

"இந்தக் கண்மாய் மீனுக்கு வெலை கிடையாது ஆத்தா. வித்தா மறுவருசம் கண்மாய் நெறையாது. பிடிக்கிறவுக வீட்டுல கொண்டு போய்க் கொழம்பு வைக்கத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பார்க்கக் கூடாததை மூடுகிற மாதிரி என் தராசை மூடினார். கோயில் சுவரோரம் அதைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

"டிரம்மப் பாத்தா கண்மாயவே அள்ளிட்டுப் போக வந்த மாதிரில்ல இருக்கு" என்று ஒருத்தி சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

மீன்பிடித் திருவிழா தொடங்கிவிட்டதென்று பெரியவர் வேறொரு வெள்ளைத் துண்டை வாங்கி வீசினார். அத்தனை பேரும் ஓடித் தண்ணீரில் இறங்கினார்கள். லூர்தும் இறங்குவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பு வரை சேற்றோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ எங்கக்கா இங்குட்டு?"

"நீ ஏன் வந்த?" என்றேன்.

"இது எங்க அம்மா ஊராச்சே. சப்ளைதேன் உனக்குன்னு ஆயிருச்சேன்னு மீன் பிடிக்க வந்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"வருசா வருசம் மினிபஸ் கண்டக்டர்ட்டத்தேன் கேப்பேன், அக்கா எந்த ஸ்டாப்புல எறங்குச்சுன்னு. நீ எறங்குன ஊருக்கு வெள்ளெனப் போயிருவேன். எனக்குத் தண்ணியப் பாத்தா வெறும் தண்ணியாத்தேன் தெரியுது. உன் கண்ண நெனச்சா எனக்கு அப்படி வயிறு எரியும்க்கா. நேத்துப் போன் போட்டுக் கேட்டா, எங்கயும் எறங்கல, நம்ம தெரு முக்குலதேன் எறங்குச்சுன்டாரு. எங்குட்டுப் போறதுன்னு தெரியாமத்தேன் சப்ளைய விட்டேன். நம்ம தெருவுல ஏது கண்மாயி?"

நான் கீழே பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். பிறகு சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கரையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள்.

ஏழெட்டு வருடமாக என் மீனை அள்ளிக்கொண்டு போனவள். அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் மணி எட்டாகியிருந்தது. நேமத்தான்பட்டிப் பக்கம் கொக்கு நின்றதைச் சொன்னேன்.

"ஏறுக்கா வண்டில" என்றாள்.

5. ஒரே ஒரு விரால்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். விரால் மட்டும் அறுபது கிலோவுக்கு மேல் வந்ததாம். மதுரை வேன் ஒன்று மொத்தமாக ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஹோட்டல் சப்ளை வேறு யாரோ பண்ணை மீன்காரருக்குப் போனது. ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு, அவசரத்தில் அந்தக் கரையில் விட்டுவந்த டிரம்மையும் தராசையும் எடுத்துவரச் சொன்னேன். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஊர்க்காரர்கள் டிரம்மில் ஒரு விரால் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவ்வளவு பெரிய டிரம்மில் அது ஒன்று மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். போகிற இடத்தை உங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள், அடுத்தவள் வாசலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன ஊரில் வாயைத் திறந்து கேளுங்கள், அதன் பிறகு தராசை எடுங்கள்.

மறுவருடம் பண்ணை விராலில் தீவன வாடை அடிக்கிறதென்று மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். அதிலிருந்து நானும் லூர்தும் சேர்ந்துதான் போனோம். நான் பார்ப்பேன், அவள் பேசுவாள். ஆனாலும் ஹோட்டலில் அதற்கு "லூர்து மீன்" என்றுதான் பெயர்.

இப்போது முட்டி வலி, என்னால் கரை ஏற முடியாது. பங்குனி வந்தால் லூர்து கரையில் நின்று வீடியோ கால் போட்டு, "பாருக்கா, வருதா?" என்று தண்ணீரைக் காட்டுவாள். நான் நூறு எண்ணுவேன். எண்ணி முடிக்கும்வரை அவள் வாயைத் திறக்காமல் நிற்பாள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த வருடம் வீடியோ கால் வரவில்லை. அவளே பார்த்துத் தேர்ந்த, எனக்குப் பழக்கமில்லாத ஒரு கண்மாய்ப் பெயரைச் சொல்லி இரண்டு விரால் மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். சாம்பல் போட்டு உரசிக் கழுவி, குழம்பு வைத்தேன். கொஞ்சமாவது சேற்று வாடை இருக்காதா என்று நாலு வாய் கூடவே தின்று பார்த்தேன்.

இல்லை.