பண்டாரி நயினார் கர்னாக் போன கதை

எங்கள் கப்பலில் சோறாக்கியவன் பெயர் நயினார். கப்பல் சமையல்காரனைப் பண்டாரி என்போம். அவனுக்கு ஊர் ஆதிச்சநல்லூர். நான் சிலுவை, புன்னைக்காயல்காரன், அதே கப்பலில் தளத்து வேலை பார்க்கும் கலாசி. இரண்டும் ஒரே ஆற்றங்கரை ஊர்கள்தான். அந்த உரிமையில் அவனை நான் பேசாத பேச்சு கிடையாது.

அவனுடைய அப்பா சிவனணைந்தபெருமாள் நெல் விவசாயி. இரண்டு அக்காள்களுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை நயினார். வயல் வேலைக்கு உடம்பு வணங்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு ஹோட்டலுக்குச் சோறு வடிக்கப் போனான். அங்கே சாப்பிட வந்த கப்பல்காரர்களைப் பிடித்து முப்பது வயதில் கப்பலேறினான். கைப்பக்குவம் நல்லது. எந்த ஊர்க் குழம்பானாலும் ஒரு வாய் வைத்தால் உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று சொல்லிவிடுவான். அவனுடைய ஊர்ப் பெருமைதான் எங்களால் தாங்க முடியாத ஒன்று.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தில், தோண்டிய இடமெல்லாம் தாழி வரும். செத்தவர்களை அந்தக் காலத்தில் பெரிய பானைக்குள் சாமான்களோடு வைத்துப் புதைத்திருக்கிறார்கள். எகிப்திலும் இப்படிச் செத்தவனோடு சாமான் வைத்துப் புதைப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பயலுக்கு எகிப்துப் பைத்தியம். "அவன் மலை மலையா கட்டுனான், எங்க ஊர்க்காரன் பானையோட முடிச்சிட்டான், அம்புட்டுதான்" என்பான். அவனுடைய அப்பாவுக்கும் அதே பைத்தியம். ஒவ்வொரு தடவை லீவு முடிந்து கிளம்பும்போதும், "அங்கன போனா பாத்துட்டு வந்து சொல்லு நயினாரு, எது பழசுன்னு" என்று சொல்லி அனுப்புவாராம்.

எங்கள் கப்பல் எகிப்தின் சபாகா துறைமுகத்தில் உரத்துக்கான பாறைப்பொடி ஏற்றித் தூத்துக்குடியில் இறக்கும். முதல் இரண்டு தடவை சபாகா போயும் நயினாருக்கு லீவு கிடைக்கவில்லை. எழுபத்தேழில்தான், அவன் நச்சரிப்புத் தாங்காமல், கேப்டன் ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்து கர்னாக் கோயிலுக்குப் போய்வரச் சொன்னார். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தோம்.

செங்கடலுக்குள் நுழைந்த அன்று ரேடியோ ஆபீசர் ஒரு தாளோடு வந்தார். நயினாரின் அப்பா முந்தின நாள் காலமாகிவிட்டார். தகனமும் முடிந்துவிட்டது. அக்காள் மகன் கொள்ளி வைத்தான் என்று அதிலேயே இருந்தது. கேப்டன் வந்து கையைப் பிடித்தார். நாங்களும் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னோம். அப்போது மணி பத்து இருக்கும். நயினார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். சாயங்காலம் தலையை மழித்து, மீசையையும் எடுத்திருந்தான்.

செய்தி வந்த ஏழாம் நாள் சபாகாவிலிருந்து வேன் கிளம்பியது. நயினாரும் எங்களோடு ஏறினான். பாலைவனம் முடிந்து நைல் நதி வந்ததும் இரண்டு பக்கமும் கரும்பு. கோயில் வாசலில் செம்மறியாட்டுத் தலை வைத்த சிங்கங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாரும் இறங்கினோம். அவன் மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டான்.

"நான் வரலலே. பதினாறு கழியாம கோயில் வாசல மிதிக்கக்கூடாது."

"சாமி போயி ரெண்டாயிரம் வருசமாச்சு. பூசையும் இல்ல, மணியும் இல்ல. இதுல என்னலே தீட்டு?" என்றேன்.

"அங்க சாமி இல்லாம இருக்கலாம். எனக்கு அய்யா இருந்தாருலா."

"அந்த அய்யாதானே பாத்துட்டு வரச் சொன்னாரு?"

"சொல்லதுக்கு இனி அங்க யாரு இருக்கா? கொள்ளிதான் வைக்கல. இந்தத் தீட்டையாவது ஒழுங்கா காத்துட்டுப் போறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் எங்கள் காதைத் தின்றவன் வாசல்வரை வந்துவிட்டு உட்கார்ந்துகொண்டால் கோபம் வராதா? கிடந்து காயட்டும் என்று உள்ளே போய்விட்டேன். உள்ளே ஒரு மண்டபம். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எங்கள் பன்னிரண்டு பேரும் கை கோக்க வேண்டும்போல் இருந்தது. நாங்கள்தான் பதினோரு பேர் ஆயிற்றே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் கல்லில் ஆளைக் காணோம். வேன் டிரைவரையும் காணோம். காவல்காரன் கரும்புக்காட்டுப் பக்கம் கையைக் காட்டினான். வரப்போடு நடந்தோம். ஒரு மண்வீடு, வாசலில் கட்டிய கழுதை, முற்றத்தில் பாய். பாயில் நயினாரும் டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஐம்பது வயதுள்ள ஒரு விவசாயி. அவர் மனைவி அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். மாவை வெயிலில் வைத்துப் பொங்கவிட்டுச் சுட்ட தடித்த ரொட்டி. தொட்டுக்கொள்ள வெண்டைக்காய் மாதிரி வழுவழுப்பான ஒரு கீரைக் குழம்பு, அவித்த பயறு, பச்சை வெங்காயம். விவசாயி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து நயினார் முன்னால் வைத்தார். அவன் தலை நிமிராமல் தின்றான். கீரைக்குள் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கோயிலுக்கு வர தீட்டு. விருந்து சாப்பிட மட்டும் தீட்டு இல்லையோ?" என்றேன்.

நயினார் கையில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"விருந்து இல்லலே, சிலுவை. மொட்டைத் தலையப் பாத்துட்டு இவரு டிரைவர்ட்ட என்னன்னு கேட்டாரு. அவன் அரைகுறை இங்கிலீஷ்ல என்னக் கேட்டு, அப்பா செத்துட்டாருன்னு சொன்னான். 'இவனுக்கு யாரு ஆக்கிப் போட்டா'ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? கப்பல்ல எல்லாருக்கும் நாந்தான் ஆக்கிப் போட்டேன்னு சொன்னேன். உடனே கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாரு."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தான்.

எங்கள் ஊரிலும் அவன் ஊரிலும் சாவு வீட்டில் அடுப்பெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆக்கிக்கொண்டு போய், மாட்டேன் என்றாலும் உட்காரவைத்து ஊட்டுவார்கள். என்னைப் போல் வேதக்காரன், அவனைப் போல் இந்து என்ற பேதம் அதில் கிடையாது. அது எனக்குத் தெரியாததல்ல. விவசாயியின் மனைவி எங்களுக்கும் ரொட்டி நீட்டினாள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எனக்குக் கை நீளவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. செய்தி வந்த அன்று மத்தியானம், அவன் ஆக்கிப் போட்ட குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சத்தம் போட்டவன் நான்.