பீகிங்காரரின் மூன்று நாள் நோன்பு

நல்லம்பள்ளிப் பக்கம் தீர்த்தகிரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பீகிங்காரர் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சமையல்காரராகச் சீனாவுக்குப் போய், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அங்கே சண்டை மூண்டதும் ஊர் திரும்பிய மனுஷர். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே, அது யாரை விட்டது?

பீகிங்கில் வானத்தைக் கும்பிடுவதற்கென்றே ராஜாக்கள் கட்டிய ஐந்நூறு வருஷத்துக் கோயில் ஒன்று உண்டு. இடி விழுந்து எரிந்த மண்டபத்தை நம் தாத்தா காலத்தில்தான் திரும்பக் கட்டினார்கள். வட்ட மண்டபம், நீல ஓடு வேய்ந்த மூன்றடுக்குக் கூரை, ஆணியே அடிக்காத மரவேலை. நடுவில் நாலு பருவத்துக்கு நாலு தூண், சுற்றிலும் மாதத்துக்கொன்றாகப் பன்னிரண்டு, அதற்கும் வெளியே இரண்டு மணி நேரப் பொழுதுக்கொன்றாகப் பன்னிரண்டு. சிலை கிடையாது. வெள்ளாமை செழிக்க ராஜாவே மூன்று நாள் நோன்பிருந்து விழுந்து கும்பிடுவாராம். அந்த மூன்று நாளும் கறி, கள், பெண்டாட்டி, மேளம் எதுவும் ஆகாது. சாவுச் சேதிகூடக் காதில் விழக்கூடாது.

இதெல்லாம் துரை விருந்தாளிகளிடம் சொன்னபோது பரிமாறிக்கொண்டே கேட்டது. துரை கோயிலுக்குப் போன அன்று இவர் வாசலில் காருக்குக் காவல். ஊரிலோ, ராஜா மண்டியிட்ட கல்லில் தானும் மண்டியிட்டதாக அளந்துவிட்டார். மனைவி சின்னக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

மறு வருஷம் மழை பொய்த்தது. ஊர்க்கவுண்டர் காளியப்பன் நேரே வந்து, ராஜா கல்லில் மண்டியிட்டவர்தான் ஊருக்காக நோன்பிருக்க வேண்டும் என்றார். அவரை மாரியம்மன் கோயில் சாமான் அறையில் விட்டு வெளியே தாழ் போட்டார்கள். நாலாம் நாள் அடித்தது பாருங்கள் மழை! அத்தோடு மாட்டிக்கொண்டார். ஆனி பிறந்தால் வருஷா வருஷம் அதே அறை, அதே தாழ். பொய்யென்று சொன்னால் ஊர் காறித் துப்பும்.

நாற்பத்துமூன்றில் சின்னக்கா மலேரியாவில் கிடந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டுக் கூடவே இருக்கும்படி கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஆனால் வாசலில் ஊரே மாலையோடு நின்றது. மூன்று நாள்தானே என்று கையை விடுவித்துக்கொண்டு போனார். இரண்டாம் நாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் தட்டிக் கேட்டார். வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று வெளியிலிருந்து காளியப்பன் பதில் சொன்னார்.

தாழ் திறந்ததும் வீட்டுக்கு ஓடினார். கட்டில் நிமிர்த்திச் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் அழுதுகொண்டே விவரம் சொன்னாள். முந்தாநாள் விடியலில் உயிர் போயிற்றாம். நோன்பு கலையாமலிருக்கப் பறையே அடிக்காமல் எடுத்துவிட்டார்களாம்.

"அவரு அந்தக் கோயிலுக்குள்ள போனதே இல்ல, கதவத் தொறந்து வுடுங்கன்னு அக்கா சொல்லிக்கிட்டே கெடந்துச்சுங்கண்ணா. ஜொரத்துல ஒளறுதுன்னு நெனச்சிட்டோம்."

"ஒளறல" என்றார் தீர்த்தகிரி. "நான் உள்ள போனதே இல்ல."

பின்னாலேயே வந்து நின்ற காளியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், துக்கத்துல இவருக்கும் புத்தி தடுமாறுது" என்றார்.