அண்ணனின் குதிகால்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் நடத்துகிறேன். தோல் புற்று எப்படிப் பரவுகிறது என்பதை என்னைப் போல யாராலும் நடத்த முடியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கும் அந்தக் கொழுப்பு இருந்தது.

என் அண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் டிரில்லர். வருடத்தில் ஒன்பது மாதம் வடக்கே எங்கேயாவது போர் போட்டுக்கொண்டு கிடப்பார். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும்போது, நாளெல்லாம் பூட்ஸுக்குள் வெந்த காலில் ஆணியோடு வந்து சேர்வார். புது பிளேடால் அதைச் சீவி எருக்கம்பால் வைத்துவிடுவது என் வேலை.

ஒரு வருடம் குதிகாலில் இருந்த ஆணி கறுப்பாக இருந்தது.

"என்னங்ணா இது, இப்படிக் கறுத்துக் கெடக்குது?"

"கல்லு நசுக்குன ரத்தக்கட்டு அம்மிணி. சீவி உடு."

சீவினேன். அடுத்த மழைக்கு அது அகன்று, ஓரம் கோணல்மாணலாக இருந்தது. ஓரம் கோணினால் சந்தேகப்படு என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். ஆனால் என் பாடத்துப் படங்களில் எல்லாம் வெள்ளைக்காரன் முதுகுதான். நம்மைப் போன்றவர்களுக்கு உள்ளங்காலில் வரும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதைத் தாண்டிப் போயிருந்தேன். மறுபடியும் சீவினேன்.

பிறகு தொடையிடுக்கில் ஒரு கட்டி. காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தானே செய்யும் என்றார்கள் ஊரில். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன்.

கெட்டுப்போன நிறமிச் செல் தன்னந்தனியாகக் கிளம்பிவிடாது. சமிக்ஞை மூலக்கூறுகளை அனுப்பும். பக்கத்துச் செல்கள் பிடியைத் தளர்த்தும், புது ரத்தக்குழாய் கிளைத்து வரும், நிணநீர்க் கணுவில் இடம் தயாராகும். காயத்தை ஆற்ற உடம்பு அனுப்பும் சேதியைக்கூட அது தனக்கென்று வளைத்துக்கொள்ளும். அந்தச் சேதியை மழைக்கு மழை பிளேடால் வரவழைத்துக் கொடுத்தவள் நான். சீவியதால்தான் பரவியதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த ஆறுதலைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும்.

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மருத்துவரிடம் போனோம். மரியாதை கிடைக்கட்டும் என்று உள்ளே நுழைந்ததுமே என் வேலையைச் சொல்லிவைத்தேன். ஸ்கேனில் நுரையீரலிலும் இருந்தது. அவர் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் சீவினது?"



"நானேதானுங்க" என்றார் அண்ணன்.

மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதையே பாடம் எடுக்கற தங்கச்சியக் கூடவே வெச்சிக்கிட்டு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்காம உட்டுட்டனுங்க."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.