சாலைக்கு அந்தப் பக்கம்

அண்ணாந்து பார்த்தபடியே வந்து என் மேல் மோதினார். "மன்னிச்சுக்குங்க சார், ஒயர் தொங்குது" என்றார், பார்வையைக் கீழே இறக்காமலே.

எங்கள் பகுதிக்கு டிவி இணைப்பு கொடுக்கும் கேபிள்காரர். எந்நேரமும் மேலே பார்த்து நடப்பதால் தெருவில் அவருக்கு 'மேற்பார்வை' என்று பெயர். "பேரு வச்சவங்க அதுக்கேத்த சம்பளத்தையும் வச்சிருக்கலாம்" என்பார். திருகாணியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டே பேசுவதால் பாதிப் பேச்சு புரியாது. "சாப்பிடும்போதும் கூரையத்தான் பார்க்கறாரு. அங்க என்ன ஒயரா ஓடுது?" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார்.

சாலையை அகலப்படுத்த வந்தார்கள். ஓரத்தில் நின்ற அவருடைய கம்பங்களை எடுக்கச் சொன்னார்கள். நெடுஞ்சாலைத்துறை அலுவலகத்துக்குத் துணையாக நானும் போனேன். அதிகாரி நல்ல மாதிரிதான், உட்காரவைத்தே சொன்னார்.

"கம்பம் உங்களது. இடம் ரோட்டோடது. நகர்த்துற செலவு உங்களதுதான்."

"கரண்டு கம்பத்துக்கு மட்டும் நீங்களே குடுக்கறீங்களே சார்?"

"அது நிக்கிறது மின்வாரியம் விலைக்கு வாங்கின இடம். நீங்க எங்ககிட்ட அனுமதி கேட்டு நட்டீங்க. 'எடுக்கச் சொன்னா எடுத்துக்கறேன்'னு அன்னைக்கே ஒத்துக்கிட்டீங்க."

ஒத்துக்கொண்டது உண்மை. சண்டை போடக்கூட அவருக்கு ஒரு பிடி இல்லை. வெளியே வந்ததும், "அவரு சொல்றதும் சரிதான், இல்ல?" என்று என்னைக் கேட்டார்.

இந்தப் பக்கத்துக் கம்பங்களை மச்சானோடு சேர்ந்து தானே தோண்டி நகர்த்தினார். சாலைக்கு மேலே இனிக் கம்பி போகக்கூடாதாம்; அந்தப் பக்கத்துக்குப் புதுச் சாலையின் அடியில் குழாய் பதித்துத்தான் கம்பி கொண்டுபோக வேண்டும். அது அவர் சக்திக்கு மீறிய காரியம். பிழைப்பில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்து வீடுகள்தான்.

"எங்கண்ணன்கிட்ட பணம் கேக்கவா?" என்றார் மனைவி.

"அவரு தலையிலயும் ஏன் மண்ணு? விடு."

அந்தப் பக்கத்தில் வீடு வீடாகப் போய், நாளையோடு இணைப்பு நின்றுவிடும் என்று சொன்னார். "மாசம் தவறாம குடுத்தோமே, நாங்க என்ன பண்ணோம்?" என்று ஒருவர் கத்தினார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசி வீடு தையற்காரம்மாவுடையது. படுக்கையை விட்டு எழ முடியாத கணவருக்கு டிவியைப் போட்டுவிட்டுத்தான் அந்த அம்மா மிஷினில் உட்காருவார். அங்கே மட்டும் அவர் விஷயத்தைச் சொல்லவில்லை. "அய்யாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை ஏணியில் ஏறி, அந்தப் பக்கம் போகும் கம்பியை வெட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இறங்குவதற்குள் அலைபேசி அடித்தது. தையற்காரம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணே, திடீர்னு படம் போயிடுச்சு. இவரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"இதோ வரேன்மா" என்றார்.

அலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அந்தப் பக்கம் திரும்பாமல், வெட்டிப்போட்ட கம்பியை எடுத்து, முழங்கையில் மாட்டிச் சுற்றத் தொடங்கினார்.